வடிகட்டிக்கு எவ்வளவு தீனி?

வீட்டுத் தோட்டத்தில் குளம் கட்டிக் கோய் மீன் விட நினைப்பவர் வடிகட்டி வாங்கப் போனால், கடையில் அவரிடம் முதலில் கேட்பது 'உங்கள் குளம் எத்தனை லிட்டர்?' என்பதுதான். பெட்டியின் மேலும் '5,000 லிட்டர் குளத்துக்கு', '10,000 லிட்டர் குளத்துக்கு' என்றே அச்சிட்டிருக்கும். பெரிய குளத்துக்குப் பெரிய வடிகட்டி என்பது நியாயமான கணக்காகத்தான் தோன்றுகிறது. தூசியையும் பாசியையும் பிடிக்கும் பஞ்சுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால் உயிரி வடிகட்டிக்குப் பொருந்தாது. அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் தொகையைக் குளத்தின் கொள்ளளவு தீர்மானிப்பதில்லை. ஒரு நாளில் எத்தனை கிராம் புரதம் அந்தக் குளத்தில் விழுகிறது என்பதே தீர்மானிக்கிறது. ஆகவே வடிகட்டியை லிட்டரால் அளக்கக் கூடாது, தீனியால் அளக்க வேண்டும் என்பது என் வாதம். அளவை மாற்றிக்கொண்டால் பராமரிப்பும் மாறிவிடும். எதைக் கழுவலாம், எதைத் தொடக் கூடாது, எப்போது தீனியைக் குறைக்க வேண்டும், எப்போது சோடா உப்புப் போட வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரே கணக்கிலிருந்து விடை கிடைக்கிறது.

கணக்கை ஒரு சாதாரணக் குளத்தில் வைத்துப் பார்ப்போம். 10,000 லிட்டர் தண்ணீர். மீனுக்கு ஒரு கிலோ என்ற எடையில் 10 கோய் மீன்கள். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு தீனி என்றால் நாளொன்றுக்கு 100 கிராம். நல்ல கோய் தீனியில் 40 விழுக்காடு புரதம் இருக்கும். புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். அதில் ஒரு பகுதி மீனின் தசையாகிறது, ஒரு பகுதி மலமாக வெளியேறுகிறது, மிச்சமுள்ள பெரும்பகுதி அம்மோனியாவாக மாறிச் செவுள்கள் வழியே தண்ணீரில் கலக்கிறது. மீன் வளர்ப்புப் பொறியாளர்கள் இதற்கென்று ஓர் எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: தீனியின் எடையைப் புரத விகிதத்தால் பெருக்கி, மீண்டும் 0.092-ஆல் பெருக்கினால் அம்மோனியா-நைட்ரஜனின் அளவு கிடைக்கும். நம் குளத்தில் அது நாளொன்றுக்கு 3.7 கிராம். ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாத இந்த அளவை யாரும் அகற்றாமல் விட்டால், தண்ணீரில் ஒரே நாளில் லிட்டருக்கு 0.37 மில்லிகிராம் சேர்ந்துவிடும். ஒரு வாரத்தில் 2.5 மில்லிகிராமைத் தாண்டும்.

அது எவ்வளவு ஆபத்து என்பதை அம்மோனியாவின் அளவு மட்டும் சொல்லிவிடாது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அயனி செவுள்களை எளிதில் ஊடுருவுவதில்லை. மின்னூட்டமில்லாத அம்மோனியா ஊடுருவுகிறது, நஞ்சு அதுதான். நீண்ட காலத்துக்கு லிட்டருக்கு 0.02 மில்லிகிராமை அது தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் வெப்பநிலையும் முடிவு செய்கின்றன. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் 5 விழுக்காட்டைத் தாண்டும். வெப்பம் 30 டிகிரிக்கும் பி.எச். 8.5-க்கும் உயர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு நஞ்சு. பாசி படர்ந்த குளத்தில் கோடைப் பிற்பகலில் இந்த நிலை சாதாரணமாக வந்துபோகும். குளிர்நாட்டுப் புத்தகத்தில் 'பாதுகாப்பானது' என்று எழுதியிருக்கும் அம்மோனியா அளவைச் சென்னையின் மே மாதத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். கொளத்தூரில் கோய் குஞ்சு வாங்கி மொட்டைமாடித் தொட்டியில் விடுகிறவருக்கு, ஜப்பானின் நீகாட்டாவில் வளர்ப்பவரைவிடக் குறைந்த இடைவெளிதான் இருக்கிறது.

இந்த அம்மோனியாவை அகற்றுவது உயிர்கள்தான் என்று தெரிந்த கதை மீன்களிலிருந்து தொடங்கவில்லை, பாரிஸ் நகரத்துச் சாக்கடையிலிருந்து தொடங்கியது. 1877-இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் சுட்ட மணலோடு சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் நிரப்பி, அதன் வழியே கழிவுநீரை மெதுவாகச் சொட்டவிட்டார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை; மேலே ஊற்றிய அம்மோனியா கீழே அம்மோனியாவாகவே வந்தது. பிறகு நைட்ரேட் தோன்றத் தொடங்கி, அம்மோனியா மறைந்தே போனது. நடப்பது வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும் அல்லவா? சந்தேகத்தைத் தீர்க்கக் குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் செலுத்தினார்கள். மாற்றம் நின்றது. கொஞ்சம் மண்ணைக் கரைத்த தண்ணீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. கோய் வளர்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி இந்த ஒரு சோதனையில் இருக்கிறது. வடிகட்டி பழகுவதற்கு நாளாகும், நஞ்சு பட்டால் நின்றுவிடும், வேறிடத்து உயிர்களைக் கொண்டுவந்து விதைக்க முடியும். அந்தச் சுண்ணாம்புக்கல் அங்கே சும்மா இருக்கவில்லை என்பதையும் பின்னால் பார்ப்போம்.

அந்த உயிர்களைத் தனியாகப் பிரித்தெடுத்தவர் நுண்ணுயிரியலாளர் விநோகிராட்ஸ்கி. 1890-இல் சூரிச்சில் இருந்தபடி, மற்ற பாக்டீரியாக்கள் விரும்பித் தின்னும் கரிமப் பொருள் எதுவும் இல்லாத ஊடகத்தில் அவற்றை வளர்த்துக் காட்டினார். அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனிலிருந்து தங்கள் உடலைத் தாங்களே கட்டிக்கொள்ளும் உயிர்கள் அவை. மிகக் குறைந்த ஆற்றல் தரும் பிழைப்பு அது. ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவை இரட்டிக்கப் பல மணி நேரம், பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இழந்த தொகையை மீட்க வாரங்கள் பிடிப்பது இதனால்தான். அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது இன்னொரு கூட்டம் என்றும் அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டாம் கூட்டத்துக்குப் பாடநூல்கள் நெடுங்காலம் நைட்ரோபாக்டர் என்று பெயர் சொல்லி வந்தன. 1998-இல் ஹோவனெக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நன்னீர்த் தொட்டிகளின் வடிகட்டிகளை மரபணு முறையில் ஆராய்ந்தபோது, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று கண்டார்கள். 2015-இல் அதைவிட வியப்பான செய்தி வந்தது. முதல் படி, இரண்டாம் படி இரண்டையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் இருப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. ஒரு குழு அதைக் கண்டெடுத்தது காகசஸ் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றின் வெந்நீர்க் குழாயில். மற்றக் குழு கண்டெடுத்தது மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியில். நூறாண்டுக்கு மேலாக நம் கண்ணில் படாத உயிர் மீன்தொட்டியின் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. இவை மெதுவாக வளர்பவை. மிகச் சொற்ப அம்மோனியாவிலும் பிழைக்கத் தெரிந்தவை. பரப்பில் ஒட்டிய படலமாக வாழ்வதற்கு ஏற்றவை. நன்றாகப் பராமரித்த கோய் குளம் அளிக்கும் வாழ்க்கையும் அதுவேதான்.

இனி நம் 3.7 கிராமுக்கு வருவோம். வடிகட்டி விற்பவர்கள் பெருமையாகச் சொல்வது, நுண்ணுயிர்கள் ஒட்டி வாழும் ஊடகத்தின் பரப்பளவு. நார்வேயில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக உருவான, சிறு சக்கரம் போன்ற பிளாஸ்டிக் துண்டுகளில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 சதுர மீட்டர் பாதுகாப்பான பரப்பு கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டர் படலம் நாளொன்றுக்கு 0.2 கிராம் அம்மோனியா-நைட்ரஜனை மாற்றும் என்று அடக்கமாகவே கணக்கிட்டாலும், நம் குளத்துக்குத் தேவை 18 சதுர மீட்டர். அதாவது இரண்டு வாளி ஊடகம். விலை உயர்ந்த பீங்கான் வளையங்கள் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் நுண்துளைப் பரப்பு தருவதாகச் சொன்னாலும், அந்தத் துளைகளுக்குள் தண்ணீர் ஓடாது. ஓடாத இடத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. பெரும்பாலான கோய் குளங்களில் இடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. இருந்தும் அவற்றில் சிலவற்றில் அம்மோனியா ஏறுகிறது என்றால், தட்டுப்பாடு வேறெதிலோ இருக்கிறது என்றுதான் பொருள்.

முதல் தட்டுப்பாடு ஓட்டம். குளத்தில் அம்மோனியா லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டி ஒரு முறை கடக்கும் தண்ணீரிலிருந்து அதில் பாதியை, 0.05 மில்லிகிராமை, எடுத்துவிடுகிறது என்றும் கொள்வோம். 3.7 கிராமை அந்த வேகத்தில் எடுக்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 74,000 லிட்டர் வடிகட்டி வழியே ஓடியாக வேண்டும்; மணிக்கு 3,000 லிட்டருக்குச் சற்று மேல். குளத்துத் தண்ணீர் முழுவதும் மூன்று மணி நேரத்துக்கொரு முறை சுற்றிவர வேண்டும் என்று அர்த்தம். தீனியை இரட்டித்தால் அதே அம்மோனியா அளவைக் காக்க ஓட்டத்தையும் இரட்டிக்க வேண்டும். இல்லையேல் அம்மோனியாதான் இரட்டிக்கும். அனுபவசாலிகள் 'ஒன்றிரண்டு மணிக்கு ஒரு சுற்று' என்று சொல்லும் பழைய விதியின் உள்ளே ஒளிந்திருப்பது கொள்ளளவு போலத் தெரிந்தாலும், உண்மையில் அது அடர்த்தியாக மீன் விட்டு நிறையத் தீனி போடுகிறவர்களின் விதி. குறைவாகத் தீனி இடும் குளத்துக்கு அவ்வளவு மின்சாரம் தேவையில்லை. அதிகம் இடும் குளத்துக்கு அது போதாமலும் போகலாம்.

அடுத்தது ஆக்சிஜன். ஒரு கிராம் அம்மோனியா-நைட்ரஜன் நைட்ரேட் ஆக 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. நம் குளத்துக்கு நாளொன்றுக்கு 17 கிராம். 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைக்கு மேல் கரையாது. வெப்பத்தில் மீனும் அதிகம் மூச்சு விடுகிறது, நுண்ணுயிரும் அதிகம் கேட்கிறது, தண்ணீரிடம் இருப்போ குறைகிறது. ஏர் பம்பைக் குளத்துக்குள் மட்டும் வைத்துவிட்டு வடிகட்டி அறையை மறந்துவிடும் பழக்கம் நம்மூர் வெயிலுக்கு ஆகாது. தட்டுத் தட்டாகத் தண்ணீர் பொழியும் ஷவர் வடிகட்டிகளும், காற்றுக் குமிழால் ஊடகம் சுழலும் அறைகளும் சிறப்பாக வேலை செய்வதற்கு அவற்றின் மூலப்பொருள் காரணமில்லை; படலத்தை எப்போதும் காற்றோடு தொடர்பில் வைத்திருப்பதே காரணம்.

மூன்றாவது தட்டுப்பாடுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது. அம்மோனியா நைட்ரேட் ஆகும்போது அமிலம் பிறக்கிறது. தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் அதைத் தாங்கிக்கொள்கிறது. ஒரு கிராம் அம்மோனியா-நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில், 7.14 கிராம் காரத்தன்மை தீர்ந்துபோகிறது. அதாவது நம் குளத்தில் நாளொன்றுக்கு 26 கிராம், லிட்டருக்கு 2.6 மில்லிகிராம். காரத்தன்மை 50 மில்லிகிராம் உள்ள மென்மையான தண்ணீரில் குளத்தை நிரப்பி, ஆவியானதை மழைநீரால் மட்டும் ஈடுசெய்துகொண்டிருந்தால் மூன்று வாரத்துக்குள் கையிருப்பு காலி. பி.எச். ஆறை நோக்கிச் சரியும். நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தும். அம்மோனியா மெல்ல மெல்ல ஏறும், ஆனால் பி.எச். தாழ்ந்திருப்பதால் அது தீங்கற்ற அம்மோனியம் வடிவிலேயே தங்கும். மீன்கள் மந்தமாக இருக்கும், சாகாது. இந்நிலையில் உடையவர் அம்மோனியாச் சோதனை செய்து, நிறம் ஏறியதைக் கண்டு பதறி, பி.எச். எட்டுக்கு மேலுள்ள போர் தண்ணீரைப் பாதிக் குளத்துக்கு விடுகிறார். சில நிமிடங்களில் அம்மோனியம் நஞ்சாக மாறுகிறது. வாரக்கணக்கில் பிழைத்திருந்த மீன்கள் நல்ல தண்ணீர் விட்ட அன்று சாகின்றன. வடிகட்டியின் நோயை ஓட்டத்தில் தேடியவருக்கும் ஊடகத்தில் தேடியவருக்கும் இது புரியாத மரணம். ஷ்லோசிங்கின் குழாயில் சுண்ணாம்புக்கல் செய்த வேலையைக் குளத்தில் யாராவது செய்ய வேண்டும். சிப்பி ஓடோ பவளத் துண்டோ ஒரு பையில் கட்டி வடிகட்டி அறையில் போட்டு வைக்கலாம்; அவசரத்துக்கு ஆப்ப சோடாவே போதும். நம் குளத்தின் ஒரு நாள் இழப்பை ஈடுசெய்ய 44 கிராம் சோடா. ஒரேயடியாகக் கொட்டாமல் கரைத்து, சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அம்மோனியா ஏற்கெனவே ஏறிவிட்ட குளத்தில் பி.எச்.-ஐ அவசரமாக உயர்த்தவே கூடாது. முதலில் தீனியை நிறுத்த வேண்டும், பிறகு பல நாள்களில் மெதுவாகச் சரிசெய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு வலுவான மறுப்பு உண்டு. கோய் மீனின் பிறப்பிடமான நீகாட்டாவில் யாருடைய மண்குளத்திலும் வடிகட்டி கிடையாது. யமகோஷி மலைக்கிராமங்களில் நெல் வயல்களுக்கு நீர் தேக்கிய குளங்களில், உணவுக்காக வளர்த்த கெண்டைகளில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறம் மாறிய மீன்கள் தோன்றின. 1914-இல் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சியில் அவை நாட்டின் பார்வைக்கு வந்தன. இன்றும் பனி உருகிய பின் மலைக்குளங்களில் விட்ட மீன்களை இலையுதிர் காலத்தில்தான் பிடிக்கிறார்கள். இவ்வளவு அழகான மீன்களை மோட்டாரும் பஞ்சும் இல்லாமல் வளர்க்க முடியும்போது நாம் மட்டும் ஏன் இத்தனை பாடுபட வேண்டும்? விடை, மீனுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய குளத்தின் பரப்புக்குச் சொற்ப மீன்களே விடப்படுகின்றன. அடிச்சேறு முழுவதும் நுண்ணுயிர்ப் படலம். சேற்றின் ஆக்சிஜனற்ற அடுக்கில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக விடுவிக்கும் வேறு பாக்டீரியாக்கள். தண்ணீர் முழுக்க அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சும் பச்சைப் பாசி. வடிகட்டி இல்லாத குளம் என்று அதைச் சொல்வது சரியில்லை; குளமே வடிகட்டிதான். குளிர்காலத்துக்கு அதே மீன்களைக் கூரைக்குள் உள்ள கான்கிரீட் தொட்டிகளுக்கு மாற்றியதும் வளர்ப்பாளர்கள் வடிகட்டியை நம்பத் தொடங்குவதைக் கவனித்தால் போதும். மீன் அதே மீன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு விழும் தீனி மாறிவிட்டது. நம் வாதத்தை இந்த எடுத்துக்காட்டு மறுக்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறது. அல்லியும் ஆகாயத்தாமரையும் வளர்த்தால் போதாதா என்பவர்களுக்கும் இதே பதில்: ஓரளவு உதவும். கொழுத்த மீன்கள் நெருங்கி வாழும் குளத்தின் நைட்ரஜனைத் தாங்கும் அளவுக்குச் செடி வைக்க வேண்டுமானால், குளத்தில் மீனுக்கு இடம் மிஞ்சாது. செடி மிஞ்சினாலும் கோய் அதைப் பிடுங்கித் தின்றுவிடும்.

தண்ணீரை அடிக்கடி மாற்றினால் வடிகட்டியே வேண்டாம் என்ற வாதம் கணக்கில் நிற்காது. 3.7 கிராம் அம்மோனியாவை 0.1 மில்லிகிராம் அளவில் கரைத்து வெளியேற்ற நாளொன்றுக்கு 37,000 லிட்டர் தேவை. 10,000 லிட்டர் குளத்தைத் தினமும் ஏறக்குறைய நான்கு முறை காலி செய்து நிரப்புவதற்குச் சமம். தண்ணீர் மாற்றுவது அவசியம்தான், ஆனால் வேறு காரணத்துக்காக: வடிகட்டி நைட்ரஜனை அகற்றுவதில்லை, நைட்ரேட்டாக மாற்றி அங்கேயே விட்டுவைக்கிறது. வாரம் பத்து விழுக்காடு தண்ணீரை மாற்றும் பழக்கம் நைட்ரேட்டை வெளியேற்றுகிறது, கூடவே தீர்ந்துபோன காரத்தன்மையையும் ஓரளவு மீட்டுத் தருகிறது.

புட்டியில் விற்கும் பாக்டீரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் சில உண்மையிலேயே உரிய உயிர்களைக் கொண்டவை. புதுக் குளத்தில் காத்திருப்பைச் சில நாள்கள் குறைக்கக் கூடும். உணவில்லாத வடிகட்டியில் எத்தனை புட்டி ஊற்றினாலும் தங்காது, உணவுள்ள வடிகட்டியில் ஊற்றாவிட்டாலும் அவை காற்றோடும் மண்ணோடும் மீனோடும் வந்து சேரும். நோயில்லாத பழைய குளத்திலிருந்து ஒரு கூடை ஊடகத்தை ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுவதே மிக விரைவான வழி. ஷ்லோசிங்கின் குழாயில் மண் கரைத்த தண்ணீர் செய்த வேலையும் அதுதான். விதைக்காமல் தொடங்கினால், 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அதன் பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும். இந்த இரண்டாம் ஏற்றத்தில்தான் பொறுமை இழப்பவர்கள் அதிகம். நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாத பழுப்புப் பொருளாக்கிவிடும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மேற்பரப்பில் வாய் பிளக்கும். செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் குளோரைடும் நுழைகிறது. ஆகவே 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ கல் உப்பைக் கரைத்துவிட்டால் குளோரைடு போட்டியிட்டு நைட்ரைட்டைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தும். உப்பு நைட்ரைட்டைக் குறைக்காது, மீனைக் காக்கும். இரண்டாம் கூட்டம் பெருகும்வரை அவகாசம் தரும்.

பழகிய வடிகட்டியைப் பராமரிப்பதில் அடிப்படையான பிரிவினை ஒன்றுதான்: படலம் வேறு, கசடு வேறு. தீனியில் ஏறத்தாழ கால் பங்கு திடக் கழிவாக வெளிவருகிறது. அது ஊடகத்தின் மேல் படிந்தால் கரிமப் பொருளைத் தின்னும் வேகமான பாக்டீரியாக்கள் பெருகி, ஆக்சிஜனைப் பறித்து, மெதுவாக வளரும் நம் உயிர்களை மூடி அமுக்கிவிடும். ஆகவே தண்ணீர் உயிரி அறைக்குள் நுழையும் முன்பே கசடு பிடிபட வேண்டும். அந்த முன் அறையை, சுழல் தொட்டியோ பிரஷோ பஞ்சோ எதுவாயினும், எவ்வளவு அடிக்கடி சுத்தம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. வாரம் இருமுறை என்றாலும் மிகையில்லை, கோடையில் தினமும் கூட. உயிரி அறையில் இதற்கு நேர்மாறான ஒழுக்கம் வேண்டும். அடியில் சேர்ந்த கசடை வால்வு திறந்து வடித்துவிடலாம். ஊடகம் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஒரே பக்கமாக வழி பிடித்து ஓடத் தொடங்கினால்தான் அதைத் தொட வேண்டும். அப்போதும் ஒரு அறையை மட்டும் எடுத்து, குளத்துத் தண்ணீரிலேயே அலசி, அடுத்த அறைக்குச் சில வாரம் இடைவெளி விட வேண்டும். பளிச்சென்று வரும்வரை தேய்ப்பது அழிவு வேலை. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுவது அதைவிட மோசம். அதிலுள்ள குளோரின் கிருமிகளைக் கொல்வதற்காகவே சேர்க்கப்பட்டது, நல்ல பாக்டீரியா எது என்று அதற்குத் தெரியாது. குளத்துக்கு விடும் புதுத் தண்ணீரிலும் குளோரினை முறித்துவிட்டே விட வேண்டும்.

தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கிறதே, அப்புறம் என்ன சோதனை என்று கேட்பவர்கள் உண்டு. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை. புற ஊதா விளக்கு மிதக்கும் பாசியைக் கொன்று தண்ணீரைத் தெளியவைக்கும். அம்மோனியாவைத் தின்றுகொண்டிருந்த பாசி போனபின் வடிகட்டியின் சுமை கூடத்தான் செய்யும். தெளிவு முன் அறையின் நலத்தைக் காட்டுகிறது. பின் அறையின் நலத்தைக் காட்டுவது அம்மோனியா, நைட்ரைட், காரத்தன்மை என்ற மூன்று சோதனைகள் மட்டுமே. அவற்றைத் தீனி இட்ட சில மணி நேரத்துக்குப் பின் எடுத்தால் வடிகட்டிக்கு எவ்வளவு கையிருப்புத் திறன் உண்டு என்பது விளங்கும். காலையில் எடுத்தால் இரவெல்லாம் ஓய்ந்த குளத்தின் முகம்தான் தெரியும்.

நுண்ணுயிர்த் தொகை நேற்றைய தீனிக்கு ஏற்றதாகவே இன்று இருக்கும். திடீரென்று ஐந்து பெரிய மீன்களைச் சேர்த்தால், விருந்தாளிகள் வந்த நாளில் குழந்தைகள் கைநிறையத் தீனி போட்டால், அந்தக் கூடுதலைத் தின்னும் உயிர்கள் இன்னும் பிறக்கவில்லை. தீனியை வாரத்துக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்ல பழக்கம். குளிர்நாடுகளில் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் இந்த உயிர்களின் வேலை மிகவும் மந்தமாகிவிடும்; வசந்தத்தில் மீனின் பசி அவற்றுக்கு முன்பே விழித்துக்கொள்வதால் அங்கே அம்மோனியா ஏறுவது ஏப்ரல், மே மாதங்களில். நமக்கு அந்தத் தொல்லையில்லை. நம் தொல்லைகள் மருந்தும் மின்வெட்டும். புண்ணுக்கும் ஒட்டுண்ணிக்கும் குளத்தில் ஊற்றும் மெத்திலீன் நீலம், ஆன்டிபயாட்டிக் போன்றவை வடிகட்டியையும் தாக்கும். முடிந்தவரை நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுக்க வேண்டும். குளத்துக்கே கொடுத்தாக வேண்டியிருந்தால் அந்த நாள்களில் தீனியை வெகுவாகக் குறைத்து, அம்மோனியாவைத் தினமும் சோதிக்க வேண்டும்.

மின்சாரம் நின்றால் அடைத்த அறைக்குள் இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடும். ஓரிரு மணி நேர வெட்டில் பெரிய தீங்கில்லை; அரை நாள் நீண்டால் கசடு உள்ள மூலைகளில் அழுகல் தொடங்கி ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடி அந்த நீரை முதல் மடக்காகக் குளத்துக்குள் தள்ளும். இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அதில் இணைக்க வேண்டியது சிறிய ஏர் பம்பு. அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, ஊடகத்தை உயிரோடு வைக்க அது போதும். இல்லாதவர்கள் வெட்டு நீளும் என்று தெரிந்தவுடன் வடிகட்டி அறையை வடித்துவிட்டு ஊடகத்தை ஈரமாக, காற்றுப் படும்படி விட்டுவைப்பது நல்லது; தண்ணீரில் மூச்சுமுட்டிக் கிடப்பதைவிட ஈரக்காற்றில் அவை நெடுநேரம் தாங்கும். மீண்டும் ஓடவிடும்போது முதல் சில நிமிடத் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டு, அன்று தீனி போடாமல் விட்டு, மறுநாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்த்த பிறகு வழக்கமான அளவில் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். ஆரோக்கியமான ஒரு வளர்ந்த கோய் பல நாள் பட்டினியைத் தாங்கும்.